தொங்குபவர் தாமே இறங்கிவர: பயிற்சிக் கருவியைத் தயார் செய்தல்

(தேசியப் பாதுகாப்பு நாளை முன்னிட்டு, பாதுகாப்பு அலுவலர்களுக்கான பயிற்சி வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



தேசியப் பாதுகாப்புக் குழு 1966ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் நாள் அமைக்கப்பட்டது. அந்நாளே ஆண்டுதோறும் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. இந்நாளில் நாம் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறோம், சுவரொட்டிகள் ஒட்டுகிறோம். நான் இன்று பேச விரும்புவது ஒரு சிறிய கயிற்றுப் பையைப் பற்றி.

உயரத்தில் வேலை செய்பவர் கீழே விழாமல் காப்பது பற்றி நம் நாட்டில் சட்டங்கள் உண்டு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதற்கென ஏற்பாடு செய்தது. கட்டடத் தொழிலாளர்களுக்கு 1996இல் தனிச் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் உள்ளடக்கிய தொகுப்புச் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. தொழிலாளர்கள் ‘சேஃப்டி பெல்ட்’ என்று அழைக்கும் பாதுகாப்புக் கச்சைக்கு ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரமும் உண்டு. இவையெல்லாம் சரிவரப் பின்பற்றப்பட்டால், கால் தவறியவர் தரையில் மோதமாட்டார், கச்சையில் தொங்குவார். ஆனால் தொங்குபவர் அதன்பின் என்ன ஆகிறார் என்பதே நம் கேள்வி.

கச்சையில் அசைவின்றித் தொங்குபவரின் கால்களில் இரத்தம் தேங்குகிறது. நடக்கும்போது கால் தசைகள் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. தொங்கும்போது அந்த வேலை நின்றுவிடுகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். மயங்கியவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம். நகரத்திற்கு வெகு தொலைவில் நிற்கும் மின்கடத்திக் கோபுரத்திற்குத் தீயணைப்பு வண்டி அத்தனை விரைவில் வந்து சேருமா?

இந்த இடைவெளியை நிரப்பவே தற்காப்பு இறங்கு கருவி தோன்றியது. கச்சையோடு இணைந்த பையில் கயிறும், கயிற்றின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்புக் கருவியும் இருக்கும். தொங்குபவர் ஒரு பிடியை இழுத்தால், கயிறு பையிலிருந்து சீராக வெளிவர, அவர் மெல்லத் தரைக்கு இறங்குவார். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகமானால், 15 மீட்டர் உயரத்தைக் கால் நிமிடத்தில் கடந்துவிடலாம்.

வாழ்நாளில் முதன்முறையாக, விழுந்த அதிர்ச்சியில், கையுறையோடு அந்தப் பிடியைத் தேடுபவருக்கு அது அகப்படாமல் போகலாம். ஆகவே பழக்கம் தேவை. ஆனால் இக்கருவிகளுள் பல ஒரே ஒருமுறை பயன்படுத்துவதற்கானவை, விலையும் அதிகம். எனவே பல பணியிடங்களில் பயிற்சி என்பது படத்தைக் காட்டுவதோடு முடிந்துவிடுகிறது. இதற்கு மாற்று, மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க பயிற்சிக் கருவியாகும்.

எந்தக் கருவியையும் பிரித்து மடித்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஐரோப்பியத் தரம் 341 இறங்கு கருவிகளை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறது. அவற்றுள் கடைசி வகுப்பு ஒரே ஓர் இறக்கத்திற்கு மட்டுமே உரியது. ஆகவே முதல் வேலை, கருவியின் மேலுள்ள குறிப்பைப் படிப்பது. மறுபடி அடுக்கலாம் என்று தயாரிப்பாளர் எழுத்தில் கூறியிருந்தால் மட்டுமே பையைத் திறக்கலாம்.

இங்கே என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பணியிடத்தில், உணவு வேளைக்குள் வகுப்பை முடிக்கும் அவசரத்தில், கயிற்றை வளையங்களாகச் சுற்றிப் பைக்குள் திணித்தேன். அடுத்து இறங்கிய இளைஞர் தரைக்கு நான்கு மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டார். வளையம் வளையத்தினுள் புகுந்து முடிச்சாகி இருந்தது. தனி நங்கூரத்தில் கட்டிய இரண்டாவது கயிறு இருந்ததால் அவரை இறக்கிவிட்டோம். “ஐயா, மேலே கோபுரத்தில் இந்த இரண்டாவது கயிறு இருக்காதே?” என்று அவர் கேட்டார். என்னிடம் விடை இல்லை. அன்று முதல் கீழ்க்காணும் ஒழுங்கைக் கைவிட்டதில்லை.

முதலாவது, பிரித்து வைத்தல். பயிற்சிக் கருவிக்குத் தனி நிறமும், ‘பயிற்சிக்கு மட்டும்’ என்ற எழுத்தும் வேண்டும். அது வேலைக்குப் போகக் கூடாது. வேலைக் கருவி வகுப்புக்கு வரக் கூடாது.

இரண்டாவது, தடவிப் பார்த்தல். கயிறு முழுவதையும் வெறுங்கையால், சாண் சாணாகத் தடவவேண்டும். இறுகிய இடம், மெலிந்த இடம், உருகிப் பளபளக்கும் இடம், அறுபட்ட இழை ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் கயிற்றை விலக்கவேண்டும். நைலானுக்கு அமிலம் பகை. மின்கல அமிலத்தின் கறை பட்டதையும் விலக்கவேண்டும். கச்சையின் தையல்களையும், கொக்கிகளின் பூட்டுகளையும் சோதிக்கவேண்டும்.

மூன்றாவது, ஆறவிடுதல். 80 கிலோ எடையுள்ளவர் 15 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 11,760 ஜூல் ஆற்றல் உராய்வால் வெப்பமாகிறது. இருபது பேர் இடைவெளியின்றி இறங்கினால் தடுப்புக் கருவி கொதிக்கும், கயிறு கெடும்.

நான்காவது, அடுக்குதல். கயிற்றின் கடைசி முனையில் நிறுத்துமுடிச்சு இட்டு, அம்முனையை முதலில் பைக்குள் வைத்து, மீதியைச் சுற்றாமல் முன்னும் பின்னுமாக மடித்து வைக்கவேண்டும். ஒருவர் அடுக்க, மற்றொருவர் சரிபார்க்கவேண்டும்.

ஐந்தாவது, மணல் மூட்டையை முதலில் இறக்கிப் பார்த்தல். அதன் பின்னரே மனிதர். அவரையும் விழச்செய்து பழக்கலாகாது. விழும் அதிர்ச்சியை வாங்கும் தையல்பட்டை ஒருமுறை பிரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதை மீண்டும் தைத்து மாட்டுவது கொலைக்கு ஒப்பாகும். குறைந்த உயரத்தில், இரண்டாவது கயிற்றோடு, மெல்லத் தொங்கவிட்டுத் தொடங்கவேண்டும். தொங்கும் நேரமும் குறைவாக இருக்கவேண்டும்.

ஆறாவது, பதிவேடு. இறக்கங்களின் எண்ணிக்கை, சோதித்தவர் கையொப்பம், விலக்கிய நாள் ஆகியவை அதில் இருக்கவேண்டும். விலக்கிய கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடவேண்டும். முழுதாகக் கிடந்தால் யாரேனும் எடுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

அலுவலர்களாகிய உங்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒப்பந்தப் புள்ளி கோரும்போது தலைக்கவசத்திற்கும் கச்சைக்கும் தொகை ஒதுக்குகிறோம். பயிற்சிக் கருவிக்கும், அதை அடுக்கிச் சோதிக்கும் நேரத்திற்கும் தனி இனமாகத் தொகை ஒதுக்குங்கள். ஒப்பந்தத் தொழிலாளி இன்று ஓரிடம், நாளை வேறிடம் என்று செல்பவர். அவருடைய கை கற்ற பழக்கம் மட்டும் அவரோடு எங்கும் செல்லும்.

அந்த இளைஞரின் கேள்விக்கு இன்று ஒரு விடை சொல்வேன்: கோபுரத்தின் மேல் இரண்டாவது கயிறு இருக்காது, ஆகவேதான் முதல் கயிற்றைப் பிழையின்றி அடுக்கவும், கண்ணை மூடிக்கொண்டே பிடியைக் கண்டுபிடிக்கவும், தரையிலேயே கற்றுக்கொள்கிறோம்.