நாகையில் அந்த ஞாயிற்றுக்கிழமை

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



“பத்திரிகைக்காரன்தானே, சுனாமியைப் பத்திப் பேசுப்பா” என்றார் நம் செயலாளர். வருஷம் இத்தனை ஆகியும் அதைப் பற்றி மேடையில் பேசியதில்லை. இன்று பேசுகிறேன். ஒரு விஷயத்தை நம்மவர்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

2004 டிசம்பர் 26. மார்கழிப் பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை. நான் அப்போது தஞ்சாவூரில் ஒரு நாளிதழின் நிருபர். காலை ஏழு மணி இருக்கும், சென்னையிலிருந்து நண்பன் போன் செய்தான். “கட்டில் ஆடுச்சுடா, நிலநடுக்கம்” என்றான். “யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, சிங்கிள் காலம்கூட தேறாது” என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டேன்.

சுமத்ரா பக்கம் கடலடியில் பூமி அசைந்தது நம் நேரப்படி ஆறரை மணிக்கு. நாகப்பட்டினத்தில் அலை ஏறியது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஊரையே காலி பண்ணியிருக்கலாம். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை. ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல். அன்றைக்கு எங்கள் டெஸ்க்கில் ‘சுனாமி’ என்ற சொல்லே யாருக்கும் தெரியாது. “கடல் கொந்தளிப்பு” என்றுதான் முதல் செய்தி கொடுத்தேன்.

திருவாரூர் தாண்டியதுமே எதிரில் ஜனங்கள். லாரியிலும் டிராக்டரிலும் நடந்தும் வந்தார்கள். ஈரத் துணி, காலில் செருப்பு இல்லை. வண்டியை நிறுத்திக் கேட்டால், “கடல் உள்ள வந்துடுச்சு” என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. நாகைக்குள் போனால், கடலில் நிற்க வேண்டிய விசைப்படகுகள் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன. கீச்சாங்குப்பம், அக்கரைப்பேட்டை பக்கம் வீடு எது, தெரு எது என்று அடையாளம் இல்லை. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தவர்களில் கடற்கரையில் நின்றவர்களை அலை வாரிக்கொண்டு போயிருந்தது. எங்கிருந்து வந்தவர்கள் என்றுகூடப் பலரைப் பற்றித் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8 ஆயிரம் பேர். அதில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கும் மேல். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். மீனுக்காகக் கரையில் காத்திருந்தவர்கள், குடிசையில் இருந்தவர்கள். ஆழ்கடலில் அந்த அலை ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. கரை நெருங்கும்போதுதான் எழும்பும். அதனால் கடலுக்குப் போனவர்கள் பிழைத்தார்கள், கரையில் இருந்தவர்கள் போனார்கள். மீனவர் வீட்டில் காலங்காலமாக இது நேர்மாறாக இருந்த விஷயம்.

இரண்டாம் நாளிலிருந்து பொக்லைன் வைத்துக் குழி தோண்டி அடக்கம் செய்தார்கள். வேறு வழியில்லை. பிளீச்சிங் பவுடர் வாடை இன்றைக்கும் மூக்கில் பட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆபீஸில் கொடுத்த சின்ன டிஜிட்டல் கேமராவில் நாற்பது, ஐம்பது படம் எடுத்தேன். அச்சில் போட முடியாத படங்கள். எதற்கு எடுத்தேன் என்றால், கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

29-ஆம் தேதி நான் தங்கியிருந்த லாட்ஜுக்கு ஒரு மீனவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். “படம் எடுத்தீங்களாமே, காட்டுறீங்களா சார்” என்றார். அலை வந்தபோது அவர் கடலில்தான் இருந்திருக்கிறார். “எங்களுக்கு ஒண்ணுமே தெரியல சார். கரைக்கு வந்தா ஊர் இல்ல.” தீப்பெட்டி அளவு திரையில் ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு படத்தில் “நிறுத்துங்க” என்றார். மஞ்சள் பாவாடை, ஒரு காலில் மட்டும் கொலுசு. எட்டு வயதுப் பெண்.

அவர் அழவில்லை. “இது எந்த எடம் சார்?” என்று கேட்டார்.

நம் கல்லூரிக் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுக்கும் எதையும் தமிழய்யா படிப்பதற்கு முன்பு, “எங்கே, எப்போது போட்டியா?” என்றுதான் கேட்பார். போடாவிட்டால் திருப்பித் தந்துவிடுவார். என் குறிப்பு நோட்டில் லாரிக் கணக்கு இருந்தது, அதிகாரிகள் சொன்னது இருந்தது. எந்தப் படம் எந்தக் குழி என்று இல்லை. மூன்று இடங்களில் எடுத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்து “தெரியாது” என்று சொல்ல வாய் வரவில்லை. குத்துமதிப்பாக ஓர் இடத்தைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் 30-ஆம் தேதி, மீண்டும் அலை வரும் என்று டில்லியிலிருந்து எச்சரிக்கை. அது வரவில்லை, ஆனால் ஊரே மேற்கே ஓடியது, நானும்தான் ஓடினேன். அந்தக் களேபரத்தில் இது மறந்துபோயிற்று.

ஊர் திரும்பிப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் மூன்று பனை, ஒரு இடிந்த மதில். நான் சொன்ன இடம் அது இல்லை. இரண்டு மைல் தள்ளி, வேறு குழி.

பிப்ரவரியில் தேடிக்கொண்டு போனேன். தற்காலிகக் குடியிருப்பில், தகரக் கூரையின் கீழே வலை பின்னிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, “வாங்க சார்” என்று டீ வாங்கி வரச் சொன்னார். நான் கேட்காமலேயே, “அந்த எடத்துல பால் ஊத்தி, ஒரு வேப்பங்கன்னு நட்டிருக்கேன் சார், துளிர் விட்டிருக்கு” என்றார். டீயைக் குடித்தேன். பஸ் ஏறி வந்துவிட்டேன்.

இன்றைக்கும் தீபாவளிக்குப் போன் செய்வார். பேத்தி பிறந்ததும் முதல் ஆளாக எனக்குத்தான் சொன்னார். போன டிசம்பரில் நாகைக்குப் போயிருந்தேன். கையைப் பிடித்து அந்த மரத்தடிக்கு அழைத்துப் போனார். நல்ல நிழல். பூ போட்டார். எனக்கும் ஒரு கை கொடுத்தார், போட்டேன்.