இசைத்தட்டும் கவிதையும்



பாக் இயற்றி 1741இல் அச்சேறிய கோல்ட்பர்க் இசைத்தொகுப்பின் தொடக்கச் சிற்றிசையைக் கனடாவின் கிளென் கூல்ட் பியானோவில் இருமுறை இசைத்துப் பதிவு செய்தார். 1955இல் ஏறத்தாழ இரண்டு நிமிடம். 1981இல் மூன்று நிமிடத்துக்கும் மேல். சுரங்கள் மாறவில்லை. இருபத்திரண்டு வயதின் துள்ளல் நாற்பத்தெட்டில் தியானமாயிற்று.

நம் மரபிலும் இதனைக் காண்கிறோம். தியாகராசர் கிருதிகளை ஜி.என்.பி. பெரிதும் விறுவிறுப்பான நடையிலும், எம்.டி.இராமநாதன் சவுக்க காலத்திலும் பாடினர். எது சரி என வினவுதல் வீண். இசைத்தட்டு காப்பது பாட்டையன்று, பாடிய அந்நாளை.

கவிதையும் அவ்வாறே. தம் வரிகளைப் பிறர் வேறாகப் படித்தால் கவிஞர் சினக்கலாகாது. அவர் விட்டுவைத்த இடமே அவ்வேறுபாடு. அவ்விடம் இல்லாத கவிதை ஒருமுறை படித்ததோடு தீர்ந்துவிடும்.