பஃபலோவில் எந்தப் பக்கம்?



போன மாத நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை நிறுத்தின கையோடு ஒரு அம்மா தொலைபேசியில் வந்தா. மகனுக்குப் பஃபலோவில் வேலை கிடைத்திருக்கிறதாம். "தம்பி, நீங்கள் கணக்காளர், நாலு இடம் தெரிஞ்ச ஆள். அங்கை நல்ல ஏரியா எது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டா. இரண்டு நிமிடத்தில் சொல்லக்கூடிய விடயமில்லை அம்மா, அடுத்த மாதம் வடிவாகக் கதைக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். அந்த வாக்கைத்தான் இன்று நிறைவேற்றுகிறேன்.

இந்தக் கேள்வி என் வீட்டிலும் வந்தது. என் மகள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர். 2023இல் பஃபலோ நகர மையத்துக்குப் பக்கத்திலுள்ள மருத்துவ வளாகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மருமகனுக்கும் அங்கேயே வேலை. பேத்திக்கு அப்போது மூன்று வயது. ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலக் கார் ஓட்டம், இடையில் ஒரு பாலம், அவ்வளவுதான். ஆனால் பாலத்தைத் தாண்டினால் வரி, பள்ளிக்கூடம், கடன் எல்லாமே வேறு கணக்கு.

மகளுக்கு நான் கொடுத்த முதல் புத்திமதி, "மெயின் ஸ்ட்ரீட்டுக்குக் கிழக்கே மட்டும் பார்க்க வேண்டாம்" என்பது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டாள்: "அப்பா, நீங்கள் இந்தப் பக்கத்துக்கு வந்து முதல் படுத்து எழும்பின இடம் அங்கைதானே?"

உண்மைதான். 1998 பெப்ரவரியில் நான் பஃபலோவின் கிழக்குப் பகுதியில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் நடந்த அகதிகள் இல்லத்தில் 19 நாட்கள் இருந்தேன். கனடா எல்லையில் முறை வரும்வரை காத்திருந்த நாட்கள். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களிலும் பலர் அந்த நகரத்தில் அப்படிக் காத்திருந்தவர்கள்தான். 2004 டிசம்பர் 29இல் பாதுகாப்பான மூன்றாம் நாடு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபிறகு அந்த வழி எம்மவரில் பெரும்பாலானோருக்கு அடைபட்டுப் போனது. ஒருநாள் ஸ்காபுரோவிலிருந்த அண்ணருக்குத் தொலைபேசி எடுப்பதற்காக, காலில் சாதாரணச் செருப்போடு பனிக்குள் நடந்து போனேன். தரிப்பிடமே இல்லாத இடத்தில் ஒரு பஸ் நின்றது. சாரதி ஒரு கறுப்பின மனிதர். ஏறு என்று கையைக் காட்டினார், காசு வாங்கவில்லை. அதே ஊரைத்தான் 25 வருடம் கழித்து மகளுக்கு "வேண்டாம்" என்று சொன்னேன்.

"நல்ல ஏரியா" என்ற சொல்லுக்குள் நாங்கள் எதை வைத்துக் கதைக்கிறோம் என்பதை அதன்பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் வீடு விற்பனை முகவரிடம் "இங்கே எந்த இனத்து ஆட்கள் இருக்கிறார்கள்" என்று கேட்டால் அவர் பதில் சொல்ல மாட்டார். 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம் பார்த்து ஆட்களை ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிடுவதைத் தடுக்கிறது. அந்தச் சட்டம் வரக் காரணம் இருந்தது. 1930களில் வீட்டுக்கடனுக்காக வரைபடம் போட்டபோது கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் அடித்தார்கள். பிறகு கிழக்குப் பகுதியில் மரங்கள் வரிசையாக நின்ற ஹம்போல்ட் பார்க்வே என்ற அகன்ற வீதியைத் தோண்டி, அதற்குள்ளால் விரைவுச்சாலை போட்டார்கள். அந்தப் பகுதி வறுமைப்பட்டது அங்கே இருந்தவர்களின் குணத்தால் அல்ல. 2022 மே 14இல் அங்கே ஜெபர்சன் அவெனியூவில் உள்ள ரொப்ஸ் கடையில் பத்துக் கறுப்பினத்தவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவன் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓட்டி வெளியிலிருந்து வந்தவன். கறுப்பின மக்கள் கூடுதலாக இருக்கும் இடம் என்பதற்காகவே அதைத் தெரிந்தெடுத்தான். ஒரு சனத்தை இனம் பார்த்துக் குறிவைப்பது என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

பங்களாதேசத்து ஆட்களைப் பாருங்கள். நியூயோர்க் மாநகரிலிருந்து வந்து அதே கிழக்குப் பகுதியில் பாழடைந்து கிடந்த வீடுகளை மலிவாக வாங்கித் திருத்தி, கடையும் பள்ளிவாசலும் வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மேற்குப் பக்கத்தில் பர்மா, சோமாலியா, கொங்கோ நாட்டு அகதிகள். அவர்களுக்காகத் தொடங்கின வெஸ்ட் சைட் பசார் என்ற சந்தையில் மத்தியானச் சாப்பாடு நல்லாயிருக்கும். 1950இல் 580,000 பேர் இருந்த நகரம் 2010இல் 261,000 ஆகத் தேய்ந்தது. 2020 கணக்கெடுப்பில் 278,000 ஆகக் கூடியது. எழுபது வருடத்தில் முதல் ஏற்றம் அது. அதில் அகதிகளுக்கும் பங்குண்டு.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒன்ராறியோவில் சொத்துவரிப் பட்டியல் ஒன்றுதான், கல்விப் பங்கும் அதற்குள்ளேயே இருக்கும். குடியிருப்புகளுக்கான கல்வி வரி வீதத்தை மாகாணம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வைக்கிறது. நியூயோர்க் மாநிலத்தில் அப்படியில்லை. புறநகரில் வீடு வாங்கினால் வருடத் தொடக்கத்தில் கவுண்டிக்கும் ஊருக்கும் ஒரு வரி, இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூட வரி தனியாக. வில்லியம்ஸ்வில், கென்மோர் போன்ற கிராமசபை எல்லைக்குள் வீடு இருந்தால் அதற்கும் வேறாக ஒரு வரி. பள்ளிக்கூட வரவுசெலவுக்கு ஒவ்வொரு மே மாதமும் குடியிருப்பாளர்கள் வாக்களிக்கிறார்கள். பஃபலோ நகருக்குள் அந்த வாக்கெடுப்பு இல்லை, பள்ளிக்கூடத்துக்கான காசு நகரசபை ஊடாகப் போகிறது.

எம்மவர் இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்கள். முதலாவது வரி வீதம். ஒரு ஊரில் ஆயிரத்துக்கு 40 டொலர், மற்ற ஊரில் 20 டொலர் என்றால் இரண்டாவது மலிவு என்று நினைப்போம். ஆனால் ஊருக்கு ஊர் மதிப்பீடு வேறு. முதல் ஊர் 250,000 டொலர் வீட்டைப் பாதியாக, 125,000 என்று மதித்திருந்தால் வரி 5,000. மற்ற ஊர் முழுதாக மதித்திருந்தால் அதுவும் 5,000தான். வீதத்தைப் பார்க்காதீர்கள். பழைய பட்டியலை வாங்கி அதிலுள்ள டொலரைப் பாருங்கள். இப்போது இருப்பவருக்கு முதியோர் சலுகையோ படைவீரர் சலுகையோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். அவர் போனதும் சலுகையும் போய்விடும்.

இரண்டாவது, தபால் முகவரி. அம்ஹெர்ஸ்ட் என்ற ஒரே ஊருக்குள் முக்கியமாக மூன்று பள்ளிக்கூட மாவட்டங்கள் உண்டு: வில்லியம்ஸ்வில், சுவீற் ஹோம், அம்ஹெர்ஸ்ட் சென்ட்ரல். முகவரியில் வில்லியம்ஸ்வில் என்று எழுதியிருப்பதால் பிள்ளை வில்லியம்ஸ்வில் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. எந்த மாவட்டத்துக்குக் காசு போகிறது என்பது வரிப் பட்டியலில் இருக்கும். அதுதான் சாட்சி.

ஒரு ஆறுதல், பஃபலோவில் நகர வருமான வரி இல்லை. ஒகாயோவில் கொலம்பஸ் போன்ற நகரங்களுக்குப் போகிறவர்கள் சம்பளத்தில் 2.5 வீதம் நகரத்துக்கே போகும் என்பதையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

பனியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அந்த ஊர்க்காரர் என்னை மன்னிக்கமாட்டார்கள். ஈரி ஏரியின் நீளப்பாட்டுக்குக் காற்று வீசும்போது பனி ஒரு பட்டிபோல ஒடுங்கி விழுகிறது. பெரும்பாலும் தெற்குப் பக்கம், ஹம்பர்க், ஓர்ச்சர்ட் பார்க், வெஸ்ட் செனெகா பகுதிகளில். 2014 நவம்பரில் அங்கே ஐந்து அடிக்கு மேல் கொட்ட, சில மைல் வடக்கே சில அங்குலம்தான். 2022 நவம்பரிலும் ஓர்ச்சர்ட் பார்க்கில் ஆறு அடிக்கு மேல். எனவே வடக்குப் பக்கம் சுகம் என்று சொல்ல வாயெடுத்தால், அதே வருட நத்தார்ப் புயல் நகரத்தையும் வடக்கையும் அடித்தது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிலர் காருக்குள், சிலர் சூடில்லாத வீட்டுக்குள். அம்புலன்ஸ் போகமுடியவில்லை. வீடு பார்க்கும்போது மின்சாரம் நின்றால் என்ன செய்வது, ஆபத்துக்குக் கதவைத் தட்ட நடந்து போகும் தூரத்தில் ஆர் இருக்கினம் என்று கேட்கவேண்டும். நேவிப் பட்டினத்துப் பெரிய வீடுகளுக்குள் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி மறந்துபோய்விட்டது. (நேவிப் பட்டினம் என்பது எங்கள் வீட்டுப் பகிடி. வேலைக்குப் போகும் கார்கள் கப்பல்மாதிரி வரிசையாக வெளிக்கிட, பகலில் ஒரு ஆளும் இல்லாத புறநகருக்கு மகள் வைத்த பெயர்.)

அந்தப் பகிடிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதை இந்த வானொலியில் நான் சொன்னதில்லை. 2005இல் ஸ்காபுரோ அப்பார்ட்மென்ட்டிலிருந்து புறநகரில் நாலு அறை வீட்டுக்குப் போனோம். வட்டி, வரி, வீட்டின் மதிப்பு எவ்வளவு கூடும் என்று எல்லாம் தாளில் போட்டுப் பார்த்தேன். கணக்கு பிழைக்கவில்லை, வீட்டின் விலை மூன்று மடங்காகியிருக்கிறது. ஆனால் அம்மாவை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்காபுரோவில் அம்மா காலையில் இறங்கி மரக்கறிக் கடைக்கு நடப்பா, வெள்ளிக்கிழமை பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவா, மின்தூக்கிக்குள் நாலு பேரோடு கதைப்பா. புது வீட்டில் பஸ் இல்லை, கடை இல்லை. நாங்கள் காலை ஏழு மணிக்குப் போனால் இரவு ஏழு மணிக்கு வருவோம். அம்மா யன்னலடியில் கதிரை போட்டு இருப்பா. ஒருநாள் நான் வர, "தம்பி, இண்டைக்குத் தபால்காரன் கை காட்டினவன்" என்று சொன்னா. அதைச் செய்தி சொல்வதுபோலச் சொன்னா. 2011இல் அம்மா போய்விட்டா.

ஆகவே மகளிடம் நான் கேட்ட இரண்டாவது கேள்வி, "பகலில் வீட்டில் இருக்கப்போவது ஆர்?" என்பது. இருக்கப்போவது என் மனைவி. பேத்தியைப் பார்க்க மாதக்கணக்கில் போய் நிற்பவர் அவர்தான், அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்தக் கேள்வியோடு பட்டியல் பாதியாகக் குறைந்தது. அம்ஹெர்ஸ்டின் கிழக்கு, வடக்குப் பக்கத்துப் புது வீடுகள் போயின. அங்கே வேறொரு சிக்கலும் உண்டு. களிமண் தரை சுருங்கிப் பல வீடுகளின் அத்திவாரம் இறங்கி வெடித்து, இராணுவப் பொறியியற் படை வந்து ஆராய்ந்த இடம் அது. வாங்குகிறவர்கள் பேஸ்மென்ட் சுவரை வடிவாகப் பாருங்கள். கெற்ஸ்வில்லில் இந்துக் கோவில் பக்கம் என்பது மட்டும்தான் மனைவிக்கு ஒரு மனக்குறை.

மிஞ்சினது இரண்டு. ஒன்று கென்மோர், நடைபாதையும் சிறு கடைகளும் உள்ள பழைய கிராமம். மற்றது நகருக்குள்ளேயே வடக்குப் பஃபலோ, ஹேர்ட்டல் அவெனியூப் பக்கம். பஃபலோவின் ரயில் பாதை 6.4 மைல்தான், ஆனால் அது மெயின் ஸ்ட்ரீட் வழியே மருத்துவ வளாகத்துக்கு நேரே போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மகளும் நானும் அந்த ரயிலில் போய்ப் பார்த்தோம். பிறகு பின்னேரம் இருட்டினபின் திரும்பவும் நடந்து பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எல்லா ஊரும் நல்ல ஊர்தான்.

வாங்க வேண்டாம், முதலில் வாடகை என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். ரி.என் விசா வேலையோடு கட்டுப்பட்டது. வேலை போனால் கூடினது 60 நாள் தவணை. அமெரிக்காவில் 30 வருடத்துக்கு மாறாத வட்டியில் கடன் தருவார்கள், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டு வருடத்தில் விற்க நேர்ந்தால் முகவர் தரகும் சட்டச் செலவும் சேர்த்துப் போட்ட முதலைச் சாப்பிட்டுவிடும்.

அவர்கள் எடுத்தது டபிள் என்று அங்கே சொல்லும் இரண்டு மாடி வீட்டின் மேல்மாடி. நூறு வருடப் பழசு. 1978க்கு முன் கட்டின வீடு என்றால் ஈயம் கலந்த பெயின்ற் இருக்கலாம், தெரிந்ததைச் சொல்லவேண்டியது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. இவர் ஒரு கடுதாசியை நீட்டி "எனக்கு ஒன்றும் தெரியாது" என்ற இடத்தில் புள்ளடி போட்டிருந்தார். அது பரிசோதித்தது என்று அர்த்தமில்லை. மகள் தன் காசில் பரிசோதிக்க, இரண்டு யன்னல் கட்டையில் ஈயம் வந்தது. அவர் யன்னலை மாற்றித் தந்தபிறகுதான் கையெழுத்து வைத்தாள். சின்னப் பிள்ளை யன்னலடியில் நின்று கட்டையைக் கடிக்கும். அந்த மாநிலத்தில் ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் ஈயம் பார்ப்பது கட்டாயம். இவள் இங்கிருந்து போனதால் அதையும் கேட்டுச் செய்வித்தார்கள்.

பள்ளிக்கூடம் இன்னும் முடிவாகவில்லை. நான் கென்மோர் என்கிறேன். மகள் நகரப் பள்ளிக்கூடத்தையே பார்க்கலாம் என்கிறாள். தொலைபேசியில் இதற்காக நாங்கள் இரண்டு முறை கோபப்பட்டுவிட்டோம்.

மனைவி போனகிழமை அங்கிருந்து எடுத்தார். பேத்தியோடு நூலகத்துக்கு நடந்து போய் வந்தாராம். கீழ்மாடியில் இருக்கும் கிழவி ஒரு இத்தாலியப் பெண்மணி. அவவின் தக்காளிக்கும் எங்கள் கத்தரிக்காய்க்கும் கைமாற்று நடக்கிறதாம். "சரி, வையுங்கோ, அவ வாசலில் நிக்கிறா" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அந்த அம்மாவின் மகன் பஃபலோவுக்குப் போகமுன் எங்கள் நிலையத்துக்கு ஒருக்கால் எடுக்கச் சொல்லுங்கள். பார்க்கும் வீடுகளின் வரிப் பட்டியலையும் கையில் வைத்திருக்கட்டும்.