பாவத்தில் பெரிதும் சிறிதும்

குரு நாட்டில் ஒரு சமயம் விளைச்சல் முழுவதும் அழிந்துபோயிற்று. உஷஸ்தி என்னும் வேதியர் தம் இளம் மனைவியோடு வறுமையுற்று அலைந்து, யானைப்பாகர் வாழும் ஓர் ஊரை அடைந்தார். அங்கே பாகன் ஒருவன் அவித்த பயற்றை உண்டுகொண்டிருந்தான். தமக்கும் அதில் சிறிது தருமாறு உஷஸ்தி கேட்டார். தான் உண்ணும் இந்த எச்சிலைத் தவிர வேறொன்றும் இல்லையே என்று அவன் தயங்கினான். அதையே கொடு என்று வாங்கி உண்டார். பின்னர்த் தான் குடித்து எஞ்சிய நீரையும் பாகன் நீட்ட, அதை மட்டும் அவர் ஏற்கவில்லை. எச்சிற் பயற்றை உண்டவர் எச்சில் நீரை மறுப்பானேன் என்று பாகன் வியந்தான். பயற்றை உண்ணாதிருந்தால் உயிர் நில்லாது, நீரோ விரும்பிய இடத்தில் கிடைக்கும் என்பதே அவர் விடையின் கருத்து.

சாந்தோக்கிய உபநிடதத்தில் வரும் கதை இது. எச்சில் உண்பது பாவமா அன்றா என்னும் ஆராய்ச்சியில் இன்று நாம் இறங்க வேண்டுவதில்லை. அக்காலத்தில் அது பெருங்குற்றம், அவ்வளவே. நம் கருத்தைக் கவர்வது வேறொன்று. நெருக்கடி தமக்கு ஒரு விலக்கு அளிக்கிறது என்று அவர் கொண்டார். ஆனால் அவ்விலக்கு எந்தக் கவளத்தோடு முடிகிறது என்பதையும் அவரே அளந்து நிறுத்தினார். எடுத்து வைத்த மிச்சத்தை மறுநாட் காலையிலும் உண்டே அரசனது வேள்விக்குச் சென்றார் என்று கதை தொடர்கிறது. விலக்கு ஒரு நாள் நீண்டுவிட்டது உண்மைதான். அதை நாம் மறைக்க வேண்டா.

ஒரே செயல் ஒருவன் செய்தால் பெரும்பாவமாகவும், மற்றொருவன் செய்தால் சிறுபிழையாகவும் ஆவதுண்டா? பாவம் பாவமே, அதில் ஏற்றத்தாழ்வு பேசத் தொடங்கினால் ஒழுக்கத்தின் வேலியே சாய்ந்துவிடும் என்று அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் வீண் அன்று. எனினும் நம் முன்னோர் நூல்கள் அவ்வாறு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புக் கூறவில்லை.

மகாபாரதத்தில் கர்ண பருவத்திலே கண்ணன் அருச்சுனனுக்குக் கௌசிகன் கதையைச் சொல்கிறான். கௌசிகன் உண்மையன்றிப் பேசுவதில்லை என்று நோன்பு பூண்டவன். கள்வருக்கு அஞ்சிக் காட்டில் ஒளிந்தவர்களைப் பற்றிக் கள்வர் வந்து கேட்டபோது, உள்ளபடியே இடத்தைக் காட்டிவிட்டான். ஒளிந்தவர் மாண்டனர். உண்மை சொன்ன கௌசிகன் நரகம் புகுந்தான். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்னும் கருத்து வள்ளுவரிடத்தும் உண்டு.

ஆயின் அதே வள்ளுவர், பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்றும் கூறியிருக்கிறார். ஓரிடத்தில் இவ்வளவு நெகிழ்ந்தவர் மற்றோரிடத்தில் ஏன் இவ்வளவு கடுமை காட்டினார்? இரண்டாவது கருத்து எங்கே நிற்கிறது என்று பார்த்தால் சிறிது தெளிவு பிறக்கும். அது வினைத்தூய்மை என்னும் அதிகாரத்தில் உள்ளது. அவ்வதிகாரமோ பொருட்பாலில், அமைச்சர்க்குரிய அதிகாரங்களின் நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. களஞ்சியத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவனை நோக்கியே அக்கடுமை பேசப்பட்டது என்று நாம் பொருள் கொள்ளலாம். எல்லார்க்கும் பொதுவென்று கொள்வாரும் உண்டு.

நிலைமை பாவத்தைக் குறைக்கும் என்பதையே நாம் பெரிதும் பேசுகிறோம். கூட்டவும் செய்யும் என்பதை மறந்துவிடுகிறோம். மனுவின் நூலில் எட்டாம் அத்தியாயத்திலே திருட்டின் குற்றம் சூத்திரனுக்கு 8 மடங்கு, வைசியனுக்கு 16, சத்திரியனுக்கு 32, பிராமணனுக்கு 64 அல்லது அதற்கும் மேல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. குற்றத்தின் தன்மையை அறிந்து செய்வதே காரணம். சாதாரண மனிதன் ஒரு காசு தண்டம் கட்டும் குற்றத்துக்கு அரசன் 1,000 கட்ட வேண்டும் என்பதும் அங்கேயே உள்ளது. அதே நூல் வேறு இடங்களில் இக்கணக்கைத் தலைகீழாக்கி, உயர்ந்தோன் எனப்படுவோனுக்குத் தண்டனையைக் குறைத்துத் தாழ்ந்தோன் எனப்படுவோனை வதைக்கிறது. அதனை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அறிவும் வசதியும் ஏற ஏறக் குற்றமும் ஏறும் என்ற இந்த ஒரு கணக்கு சிந்தனைக்கு உரியது.

இக்கணக்கு பொய்யன்று என்பதை வங்காளம் கண்டது. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் மிதுனாபுரிக் கரையைப் புயல் தாக்கியது. அரிசியின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. 1943இல் கிராமத்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கல்கத்தா வந்து வீட்டு வாயில்களில் நின்றார்கள். அவர்கள் சோறு கேட்கவில்லை. சோறு கேட்கத் துணிவில்லாமல் வடிகஞ்சி கேட்டார்கள். பெரும்பாலோர் இரந்தார்களேயன்றிக் கடைகளைச் சூறையாடவில்லை. தானியம் உள்ள கடைகளுக்கு எதிரிலேயே மாண்டவர் பலர். விசாரணைக் குழு 1945இல் இறந்தோர் தொகையை ஏறக்குறைய 15 இலட்சம் என்று மதிப்பிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் 30 இலட்சம் வரை சொல்கின்றனர். விலையேற்றத்தில் பெரும் இலாபம் அடைந்தவர்கள் இருந்தனர் என்பதையும், அந்த இலாபத்தின் மறுபக்கம் பிறர் மரணம் என்பதையும் அக்குழு மறைக்காமல் எழுதியது.

அந்நாளில் பட்டினிக் குழந்தைக்காக ஒரு தாய் கடையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளியிருந்தால் அதன் பெயர் திருட்டு. விலை ஏறட்டும் என்று மூட்டைகளை அடுக்கிப் பூட்டிவைத்தவன் செயலுக்கு வாணிகம் என்றே பெயர். எது பெரும்பாவம் என்பதை ஒரு சிறுவனும் கூறுவான்.

ஆனால் வங்காளத்தைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எளிது. நம் வீட்டுப் படி வரை அத்தராசு வரும்போதுதான் கை நடுங்குகிறது. ஊரை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கும் அரிசிப் பஞ்சம் புதிதன்று. 1966இல், மழை பொய்த்திருந்த நாட்களில், கோதுமை உண்ணும் நகரம் ஒன்றில் எங்கள் குடும்பம் இருந்தது. பங்கீட்டுக் கடையில் அரிசி ஆளுக்குச் சிறிதளவே கிடைக்கும். பாட்டியார் ஊருக்குத் திரும்பிச் சென்று பல மாதங்கள் ஆகியும் ரேஷன் அட்டையில் அவர் பெயரை நாங்கள் நீக்கவில்லை. அவர் பங்கு அரிசியும் சர்க்கரையும் வாரந்தோறும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. இதைத் திருட்டென்று எங்களில் எவரும் நினைத்ததில்லை. எல்லோரும் செய்வது, குழந்தைகள் ரொட்டி தின்னப் பழகவில்லை, ஊரை விட்டு வந்தவர்களுக்கு இவ்வளவு சலுகைகூடக் கூடாதா என்றெல்லாம் சமாதானம் இருந்தது.

பாத்திரம் தேய்க்க வந்த பெண் ஒருநாள் முந்தானையில் இரண்டு பிடி அரிசி முடிந்துகொண்டு புறப்படுகையில் பிடிபட்டாள். வீட்டில் கைக்குழந்தை இருப்பதாகச் சொன்னாள். அன்றே நிறுத்திவிட்டோம். நம்பி உள்ளே விட்ட இடத்தில் எடுப்பது சாதாரணத் திருட்டைவிடக் கொடியது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். சட்டமும் அவர்கள் பக்கமே இருந்தது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் பொதுவான திருட்டுக்கு மூன்றாண்டு வரையும், வேலைக்காரர் எசமானிடம் திருடினால் ஏழாண்டு வரையும் சிறை விதித்தது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்வேறுபாட்டைக் கைவிடவில்லை. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதன்முறை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்தால், சிறைக்கு மாற்றாகச் சமூகப் பணி என்னும் இரக்கம் அதில் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

நம்பிக்கைத் துரோகம் என்னும் வாதத்தை நாம் இன்றும் புறந்தள்ளவில்லை. அப்பெண் செய்தது தவறே. ஆனால் கடைக்காரர் எங்கள் அட்டையை நம்பியே அரிசி அளந்தார். அப்பெண்ணுக்கு இருந்த பசி எங்களுக்கு இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்த நாங்கள் அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த விதிகளை அறியாதவர்களும் அல்லேம். உஷஸ்தி பயற்றோடு நிறுத்திக்கொண்டார். நாங்களோ வாரந்தோறும் நீரையும் சேர்த்து வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். அவள் முடிந்துகொண்ட அந்த இரண்டு பிடி, பாட்டியார் பங்கிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அரிசிப் பானைக்குள் அதைப் பிரித்தறிய வழியில்லை.

அவள் அதன்பின் எந்த வீட்டுக்கு வேலைக்குச் சென்றாள் என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பாட்டியார் ஊரில் காலமான பிறகே அவர் பெயர் அட்டையிலிருந்து நீக்கப்பட்டது.