சியனாவில் காரும் காலும்

(மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெளிநாடு போய்வந்த அனுபவத்தைச் சொல்லும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். 2018 செப்டம்பரில் நானும் என் சகதர்மிணியும், ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளை, மாட்டுப்பெண்ணுடன், இத்தாலியின் டஸ்கனி பிரதேசத்தில் ஐந்து நாள் காரில் சுற்றினோம். அதில் சியனா நகரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

சியனா மூன்று குன்றுகளின் மேல் அமைந்த பழைய கோட்டை நகரம். செங்கல் வீடுகள், செங்குத்தான சந்துகள். பக்கத்தில் பெரிய நதி கிடையாது. ஆகவே இடைக்காலத்திலேயே பூமிக்கடியில் சுமார் 25 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கக் கால்வாய்கள் வெட்டி, கசியும் நீரைச் சேர்த்து ஊருக்குள் கொண்டுவந்தார்கள். பம்பு ஏது? வெறும் சரிவுதான். விஞ்ஞானப் பட்டதாரியான எனக்கு அது பெரிய அதிசயம்.

நகர மையத்தில் வெளியார் வண்டிகளுக்கு 1960களிலிருந்தே தடை. நாங்கள் போன அன்று மாலை, சிவப்பு வளையம் போட்ட வெள்ளைப் பலகை ஒன்று எதிர்ப்பட்டது. பிள்ளை காரை நிறுத்தி, "அப்பா, இதுக்குள்ளே போகப்படாது போலிருக்கு" என்றான். "அம்மா முழங்கால் வலியோட எப்படி ஏறுவா? முன்னாடி ஒரு கார் போறதே, நீயும் போ" என்றேன். போனோம். விடுதி வாசலில் அவளை இறக்கிவிட்டுத் திரும்பினோம். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள், கிளிஞ்சல் வடிவில் சரிந்திருக்கும் காம்போ சதுக்கத்தின் நகர மாளிகைக்குப் போனோம். 1287 முதல் 1355 வரை சியனாவை ஒன்பது பேர் சபை ஆண்டது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறுவார்கள். அவர்கள் கூடிய அறையின் சுவர்களில் அம்ப்ரோஜியோ லோரன்செட்டி என்ற ஓவியர் 1338-39ல் நல்லாட்சியையும் கெட்ட ஆட்சியையும் வரைந்திருக்கிறார்.

நல்லாட்சியில் நகரமும் கிராமமும் ஒரே சுவரில் இருக்கின்றன. நடுவில் கோட்டை வாசல். உள்ளே கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள், கடைகள் திறந்திருக்கின்றன. வெளியே உழவு நடக்கிறது, மூட்டை சுமந்த கழுதைகள் ஊருக்குள் வருகின்றன. பக்கத்துச் சுவரில் நீதி தேவதையின் தராசிலிருந்து கயிறு புறப்படுகிறது. ஒற்றுமைத் தேவி அதை வாங்கி 24 குடிமக்கள் கையில் கொடுக்கிறாள். அவள் மடியில் தச்சனின் இழைப்புளி! மேடு பள்ளத்தைச் சமமாக்கும் கருவி. முப்பத்துநான்கு வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன் நான். அங்கே வெகுநேரம் நின்றுவிட்டேன்.

அடுத்த இரண்டு நாளும் கார்தான். தெற்கே ஓர்சியா பள்ளத்தாக்கு. வடக்கே 222ஆம் எண் சாலையில் திராட்சைத் தோட்டங்கள், ஆலிவ் மரங்கள், கிரேவே ஊர். சுவரில் பார்த்த குன்றுகளே கண்ணெதிரே வந்தன. நினைத்த இடத்தில் நிறுத்தி ரசிக்கக் கார் இல்லாமல் முடியாது.

ஊர் திரும்பி நாலு மாதம் கழித்து, மாட்டுப்பெண் போனில் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தப் பலகையருகே காமிரா இருந்திருக்கிறது. அபராத நோட்டீஸ் வந்து, பிள்ளை பணமும் கட்டிவிட்டான். "அப்பா மனசு கஷ்டப்படும், சொல்லாதே" என்றானாம். எத்தனை அறிவிப்புப் பலகைகள் வைக்க நானே கையெழுத்திட்டிருக்கிறேன்! 'முன்னால் ஒருவன் போகிறானே' என்று சொன்னவர்களை எவ்வளவு கடிந்திருக்கிறேன்! அந்த 24 பேர் பிடித்த கயிற்றை நான் மட்டும் நழுவவிட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தான்.

இதில் வருத்தம் என்னவென்றால், நகரத்தின் அடிவாரத்தில் கார் நிறுத்துமிடத்தின் அருகிலிருந்து மேலே வர எஸ்கலேட்டர் இருக்கிறது. மறுநாள் என் மனைவி அதில் சிரமமின்றி ஏறி வந்தாள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்: சர்வதேச டிரைவிங் பர்மிட் அவசியம். நகர மையத்தில் விடுதி என்றால், காரின் எண்ணை நகராட்சியில் பதிவு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே அவர்களிடம் கேளுங்கள். சைவர்களுக்கு, முட்டையில்லாமல் கையால் திரிக்கும் 'பிச்சி' என்ற தடித்த நூடுல்ஸ் கிடைக்கும். பார்மேசான் சீஸ் கன்றின் இரைப்பை நொதியால் உறைய வைப்பது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கிராமத்துக்குக் கார், நகரத்துக்குக் கால். பிள்ளை 'போகப்படாது' என்றால் கேட்டுக்கொள்ளுங்கள்.