டீக்கடைக்கு ஓடிய அப்பா

இவ்வளவு நேரமும் இங்கிலீஷைப் பேய், பூதம் என்று சொல்லி இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்களை மிரட்டிக்கொண்டிருந்த எதிரணி அண்ணன்களே, நான் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசல் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கிறேன். (கைதட்டல்)

‘கிராமத்துப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வருமா, வராதா?’ இதுதான் தலைப்பு. எதிரணி அண்ணன் ஒரு போடு போட்டார். "ஒரு வார்த்தைக்கு ஒரு அர்த்தம்னா படிச்சிடலாம். இவன் ஒரு வார்த்தைக்கு ஐம்பது அர்த்தம் வெச்சிருக்கான். நம்ம புள்ள என்னத்தைப் படிக்கும்?" என்று கேட்டார்.

அண்ணே, ஐம்பதோடு விட்டீங்களே, உங்களுக்கு ரொம்ப நல்ல மனசு! ‘ரன்’ என்று ஒரு சின்ன வினைச்சொல். மூன்றே எழுத்து. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதிக்காரர்கள் அதற்கு மட்டும் 645 அர்த்தம் கண்டுபிடித்திருப்பதாக 2011இல் செய்தி வந்தது. அந்த ஒரு சொல்லோடு மல்லுக்கட்ட ஒரு ஆசிரியருக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கிறது. ஒரு பிள்ளை பெற்று எடுக்கிற காலம், நடுவர் அவர்களே! (சிரிப்பு)

பயந்துடாதீங்க. 645ஐயும் நான் சொல்லப் போறதில்லை. பத்து சொல்றதுக்குள்ள நடுவர் மணி அடிச்சிடுவார்.

மணி அடிப்பார்னு சொன்னேனே, அந்த ‘அடி’யைக் கொஞ்சம் பாருங்க. மணி அடிக்கிறோம். சுவருக்கு வெள்ளை அடிக்கிறோம். சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறோம். பழனிக்குப் போய் மொட்டை அடிக்கிறோம். வெயில் அடிக்குது, காய்ச்சல் அடிக்குது, மல்லிகைப்பூ வாசம் அடிக்குது. காலேஜ் வாசலில் பையன்கள் இன்னொன்று அடிக்கிறார்கள், அதைப் பெரியவங்க இருக்கிற சபையில் நான் சொல்ல மாட்டேன். (பலத்த சிரிப்பு) இதில் எதிலாவது யாருக்காவது அடி விழுந்துச்சா? இத்தனையையும் எந்த டியூஷனில் படிச்சோம்? ‘அடி என்றால் இத்தனை பொருள்’ என்று யாராவது மனப்பாடம் பண்ணினோமா? பக்கத்தில் வருகிற சொல்லைப் பார்த்தோம், புரிஞ்சுக்கிட்டோம். மொட்டை பக்கத்தில் வந்தா ஒரு அடி, வெயில் பக்கத்தில் வந்தா இன்னொரு அடி.

‘ரன்’னும் அப்படித்தான். மூக்கு பக்கத்தில் வந்தால் ஒழுகுது. புதுப்புடவை பக்கத்தில் வந்தால் சாயம் போகுது. காய்ச்சல் நமக்கு ‘அடிக்குது’, அவங்களுக்கு ‘ரன்’. டப்பாவில் உப்புத் தீர்ந்து போனால் அதற்கும் ‘ரன் அவுட்’தான். கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் இதை நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே ஆள் தீர்ந்து போறான், இங்கே உப்பு தீர்ந்து போகுது! (சிரிப்பு) தேர்தலுக்கு அமெரிக்காவில் ‘ரன்’ என்கிறார்கள், ஓடுகிறார்கள். இங்கிலாந்தில் ‘ஸ்டாண்ட்’ என்கிறார்கள், நிற்கிறார்கள். நம்ம ஊரிலும் நிற்கத்தான் செய்கிறார்கள். ஜெயித்த பிறகு அவர்கள் பின்னால் ஓடுவது நாம்! (கைதட்டல்)

எங்க அம்மாவுக்கு ஏபிசிடி தெரியாது. ஆனால் "ரன்னிங்ல இறங்காதடி, காலு போயிரும்" என்று டவுன் பஸ்ஸில் கத்துவார்கள். பழைய மோட்டார் வாங்கப் போனால் "ரன்னிங் கண்டிஷனா?" என்றுதான் முதல் கேள்வி. இவங்களுக்கா இங்கிலீஷ் வராது?

அப்படின்னா எங்கே இடிக்குதுன்னு கேப்பீங்க. சொல்றேன். இது எங்க வீட்டுக் கதை.

எனக்கு ஒரு அக்கா. 1990இல் ஒன்பதாம் வகுப்பு. எந்தப் பள்ளிக்கூடம் என்று சொல்ல மாட்டேன். நோட்டில் இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ், ஒன்றுக்கு ஒன்று. ‘ரன் – ஓடு.’ ஐம்பது தடவை எழுதினாள். பரீட்சையில் ஒரு வாக்கியத்தைத் தமிழாக்கச் சொன்னார்கள். ‘மை ஃபாதர் ரன்ஸ் எ டீ ஷாப்.’ அக்கா எழுதினாள்: ‘என் அப்பா டீக்கடைக்கு ஓடுகிறார்.’ (சிரிப்பு)

சிரிப்பு வருது இல்ல? அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் அதை உரக்கப் படித்தார், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுப் படித்தார். அன்றையிலிருந்து அவளுக்கு ‘டீக்கடை’ என்றே பெயர். அரைப்பரீட்சை லீவு முடிந்தது. அவள் பையைத் தொடவில்லை. அம்மா கூடக் கல்குவாரிக்குச் ஜல்லி உடைக்கப் போய்விட்டாள். பதினாலு வயசு, நடுவர் அவர்களே.

அவள் எழுதியதில் என்ன தப்பு? தமிழில் ‘ஓடு’ வேறு, ‘ஓட்டு’ வேறு. தானாக நடந்தால் ‘நட’, நாம் செய்தால் ‘நடத்து’. இங்கிலீஷ்காரனுக்கு ஓடுறதுக்கும் ஓட்டுறதுக்கும் நடத்துறதுக்கும் சேர்த்து ஒரே ‘ரன்’. பின்னாலே ஒரு பொருள் வந்து நின்னா, ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு மில் வந்து நின்னா, ஓடுறது ஓட்டுறதாகிடும். இந்த ஒரு வரியை அவளுக்கு யாரும் சொல்லித்தரலை. ‘எழுது ஐம்பது தடவை’ன்னுதான் சொன்னாங்க.

அடுத்த வருஷம், 1991. எங்க மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் அம்மா கலெக்டர். ராத்திரி வெளிச்சத்தில் பாடம், பகலில் சைக்கிள். ஆமாம், பொம்பளைங்க சைக்கிள் ஓட்டினாங்க! ஆயிரக்கணக்கில் ஓட்டினாங்க. நிறையப் பேர் ஆம்பளை சைக்கிளைத்தான் கேட்டாங்க. முன்னால இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! எங்க அம்மா பழகின முதல் நாள், தெரு முனையில் பெரிய மாமாவைப் பார்த்தாங்க. யாரையாவது எதிர்பாராமப் பார்த்தா இங்கிலீஷில் ‘ரன் இன்டு’. யார் மேலேயாவது மோதினாலும் ‘ரன் இன்டு’. அம்மா ரெண்டையும் ஒரே நேரத்தில் செஞ்சாங்க. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

அதே காலத்தில் கல்குவாரிகளைக் காண்டிராக்டர் கையிலிருந்து எடுத்து, அங்கே கல் உடைக்கிற பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார்கள். எங்கள் குழுவில் கணக்கு எழுதத் தெரிந்த ஒரே ஆள், ‘டீக்கடை’ அக்கா. எத்தனை லோடு போச்சு, யாருக்கு எவ்வளவு கூலி, லாரிக்காரன் எவ்வளவு பாக்கி, எல்லாம் அவள் நோட்டில். லாரிக்காரர்கள் அவளைப் பார்த்தால் பீடியை அணைப்பார்கள். எங்கள் குழு சில வருஷம்தான் நடந்தது. ஆனால் அந்தச் சில வருஷம் நடத்தியது அவள்.

அந்தச் சொல்லோட முதல் அர்த்தத்துக்கும் எங்க மாவட்டத்துல ஆள் உண்டு. கத்தக்குறிச்சி சாந்தி சௌந்திரராஜன். செங்கல் சூளையில் வேலை பார்த்த வீட்டுப் பிள்ளை. 2006 டிசம்பரில் தோஹா ஆசியப் போட்டி, 800 மீட்டர், 2 நிமிடம் 3.16 விநாடி, வெள்ளிப் பதக்கம். பிறகு பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். எங்க ஊரில் அன்னைக்கு டிவி முன்னாடி உட்கார்ந்து பார்த்த யாரும் அந்த ஓட்டத்தை இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. (நீண்ட கைதட்டல்)

முடிக்கச் சொல்லி நடுவர் ஜாடை காட்டுகிறார். ஒரே ஒரு விஷயம், ஐயா.

அக்காவோட பேத்தி இப்போ அஞ்சாம் வகுப்பு. போன மாசம் ஊருக்குப் போனேன். பிள்ளை நோட்டைப் புரட்டினேன். இடது பக்கம் இங்கிலீஷ், வலது பக்கம் தமிழ். ‘ரன் – ஓடு.’ முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு, அந்தக் கோடு மட்டும் அழியலை! எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அந்தப் பிள்ளையை மடியில் வைத்து, ‘ரன்’னுக்கு ‘நடத்து’ன்னும் அர்த்தம் உண்டுடா, கடை நடத்தினாலும் ‘ரன்’தான், உங்க அப்பத்தா குவாரி நடத்தினாளே அதுவும் ‘ரன்’தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தாள்.

"ஏன்டி, இத்தனை வருஷமா இதை நீ என்கிட்ட சொல்லவே இல்லையே?" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்பன்னா அந்த வாத்தியாரு எனக்கு அரை மார்க்காவது போட்டிருக்கலாம்ல?"