நாட்டுக்கு நாள் குறித்த கணியர்



தனி மாந்தனுக்குப் பிறப்புக் குறிப்பு எழுதிய கணியர், நாட்டுக்கும் எழுதலாயினர். விடுதலை பெற்ற வேளையே நாட்டின் பிறந்த வேளை. அப்போதைய கோள்நிலையே அதன் தலையெழுத்து என்பது அவர்தம் கொள்கை. அக்கொள்கையை உரைத்துப் பார்க்கப் பருமா ஒன்றே போதும்.

1948 சனவரி 4-ஆம் நாள், ஊர் உறங்கும் வைகறை 4.20 மணிக்குப் பருமா விடுதலை பெற்றது. அவ்வேளையைக் குறித்தவர் கணியர். விளைந்த நலம் யாது? மூன்று திங்கள் முடியுமுன் பொதுவுடைமைக் கட்சியினர் படைக்கலம் ஏந்தினர். அடுத்த ஆண்டு கரேன் இனத்தாரும் ஏந்தினர். 1962-இல் படைத்தலைவர் நே வின் ஆட்சியைப் பறித்தார்.

அவருடைய ஆட்சி, 1987-இல் 25, 35, 75 கியாத்துத் தாள்களை ஈடு ஏதுமின்றிச் செல்லாதன ஆக்கிற்று. பின்னர் வந்தவை 45, 90 கியாத்துத் தாள்கள். இரண்டும் ஒன்பதால் வகுபடுவன. ஒன்பது அவர்க்கு உகந்த எண் என்று நாடே பேசிற்று. மக்கள் உழைத்துச் சேர்த்த பணமோ ஒரே நாளில் வெறுந்தாள் ஆயிற்று. மறு ஆண்டே மாணவரும் மக்களும் தெருவில் திரண்டனர். நே வின் கட்சித் தலைமையைத் துறந்தார். ஆயினும் படையினர் சுட்டதில் மாண்டோர் பலர்.

கோள்கள் எவரையும் சுடவில்லை. எவர் பணத்தையும் பறிக்கவில்லை. செய்தவர் ஆள்வோரே! வானத்தைச் சுட்டுகின்ற ஆட்சியாளன், மண்ணில் உள்ளோர்க்கு விடைசொல்லாமல் நழுவுகின்றான். எந்நாட்டிலாயினும், ஆள்வோன் கணியனின் ஓலையைப் புரட்டும்பொழுது, மக்கள் அவன் ஆட்சிக் கணக்கைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.